செட்டிநாட்டு வீடு சொல்லும் கணக்கு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் 'பழைய வீடுகள்' என்ற தலைப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பழைய வீடு ஒன்றைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் இன்ஜினியர் அல்ல. பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஒரு பெரிய வீட்டைப் பார்த்தால் மற்றவர்கள் தூணைப் பார்ப்பார்கள், கதவில் உள்ள சிற்பத்தைப் பார்ப்பார்கள். எனக்கு இரண்டு கேள்விதான் வரும். இதைக் கட்டப் பணம் எங்கிருந்து வந்தது? இதைப் பராமரிக்க இப்போது யார் பணம் கொடுக்கிறார்கள்? இன்றைக்கும் அந்த இரண்டு கேள்விகளோடுதான் உங்களைக் கூட்டிக்கொண்டு போகப் போகிறேன்.

முதலில் நம் ஊர்ப் பெயரிலிருந்து தொடங்குகிறேன். பஸ்ஸில் ஏறி 'காளவாசல் ஒண்ணு' என்று டிக்கெட் கேட்கிறோம். காளவாசல் என்றால் என்ன? காளவாய், காளவாசல் இரண்டும் ஒன்றுதான். செங்கல்லோ சுண்ணாம்புக் கல்லோ வைத்துச் சுடுகிற சூளை. நாம் குடியிருக்கும் இடத்தின் பெயரே கட்டட வேலையின் பெயர். சூளையில் வெந்த செங்கல், சூளையில் வெந்த சுண்ணாம்பு, இவற்றோடு நல்ல மரம். இந்த மூன்றையும் வைத்து நம் பக்கத்தில் கட்டிய வீடுகளில் தலைசிறந்தவை எவை என்று கேட்டால், செட்டிநாட்டு வீடுகளைத்தான் சொல்வேன்.

மாட்டுத்தாவணியில் பஸ் ஏறினால் மேலூர், திருப்பத்தூர் வழியாகக் காரைக்குடி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேலே. உங்களில் பலர் அங்கே கல்யாணத்துக்குப் போயிருப்பீர்கள், பிள்ளையார்பட்டிக்குப் போயிருப்பீர்கள். வழியில் தெருவுக்குத் தெரு நீண்டு கிடக்கும் வீடுகளைப் பார்த்து 'அடேயப்பா' என்று சொல்லியிருப்பீர்கள். நான் மூன்று வருஷம் அந்தப் பக்கம் ஒரு கிளையில் வேலை பார்த்தேன். அப்போது பார்த்ததையும் பிறகு படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

வாசலிலிருந்து கொல்லை வரை

நகரத்தார் ஊர்கள் ஆதியில் 96 என்று சொல்வது வழக்கம். இன்று சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் எழுபதுக்கு மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன. இந்தப் பெரிய வீடுகள் பெரும்பாலும் 1850-க்குப் பிறகு, 1940 வரைக்கும் உள்ள காலத்தில் எழும்பியவை. அதாவது நாம் நினைக்கிற மாதிரி ராஜா காலத்து வீடுகள் அல்ல. நம் தாத்தா, கொள்ளுத்தாத்தா காலத்து வீடுகள்தான்.

ஒரு வீட்டுக்குள் போவோம். தெருவிலிருந்து சில படிகள் ஏறித்தான் போக வேண்டும், தளம் அவ்வளவு உயரம். நகரத்தாரின் முன்னோர் காவிரிப்பூம்பட்டினத்தில் இருந்தவர்கள், கடல் வெள்ளத்துக்குப் பயந்து உள்நாட்டுக்கு வந்தவர்கள், அந்தப் பயத்தில்தான் வீட்டை உயர்த்திக் கட்டினார்கள் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, மழைத் தண்ணீர் உள்ளே வராமல் இருக்க உயர்ந்த தளம் நல்லது என்பது உண்மை.

முன்னால் இருப்பது முகப்பு. இரண்டு பக்கமும் அகலமான திண்ணை, பர்மாத் தேக்குத் தூண்கள். வந்தவரை உட்கார வைப்பதும், வரவு செலவு பேசுவதும், கணக்குப்பிள்ளை சாய்மேசையை வைத்துக்கொண்டு பேரேடு எழுதுவதும் இந்த இடத்தில்தான். இன்றைய பாஷையில் சொன்னால் அலுவலகம். வாசல் நிலைக்கு மேலே கஜலட்சுமி இருப்பாள். சில வீடுகளில் மேல்மாடிச் சுவரில் சாமி உருவத்துக்குப் பக்கத்திலேயே துப்பாக்கி பிடித்த வெள்ளைக்காரச் சிப்பாயின் சுதையும் நிற்கும். யாருடைய ஆட்சியில் சம்பாதித்தார்கள் என்பதை மறைக்கவில்லை!

முகப்பைத் தாண்டினால் வளவு. இதுதான் வீட்டின் நடு நாயகம். நடுவில் வானம் தெரியும் முற்றம், சுற்றிலும் தூண் வரிசையோடு தாழ்வாரம், தாழ்வாரத்தை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அங்கே பந்தி, சாமான் அறைகள். அதற்கும் பின்னால் மூன்றாம் கட்டு, அங்கே சமையல், கிணறு, அம்மி, ஆட்டுக்கல். கடைசியில் கொல்லை, பின் தெருவைப் பார்த்து ஒரு வாசல். முன் வாசலில் நின்று பார்த்தால் கதவுக்குப் பின் கதவாக, கொல்லை வாசல் வரை ஒரே நேர்கோட்டில் தெரியும். அந்த நேர்கோட்டில்தான் காற்றும் ஓடுகிறது.

சூடும் தண்ணீரும்

சித்திரை வெயிலில் அந்த வீட்டுக்குள் போனால் நம் வீட்டு ஹாலை விடக் குளுமையாக இருக்கும். மந்திரம் ஒன்றும் இல்லை. சுவர் கனமானது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் சேர்ந்த சுவர் மெதுவாகத்தான் சூடேறும். கூரையில் தேக்குச் சட்டம், அதன் மேல் ஒன்றன் மேல் ஒன்றாகப் பல அடுக்கு நாட்டு ஓடு. ஓட்டுக்கு நடுவில் காற்று இருப்பதால் வெயில் நேராக உள்ளே இறங்காது. முற்றத்தின் சூடான காற்று மேலே போகப் போக, நிழலான தாழ்வாரத்துக் காற்று அந்த இடத்துக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

சுவரின் மேற்பூச்சை நீங்கள் தொட்டுப் பார்க்க வேண்டும். கையை வைத்தால் பளிங்கு மாதிரி வழுக்கும். பெயின்ட் அல்ல. கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பல நாள் ஊற வைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் விட்டு, பல பூச்சாகப் பூசி, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக் கருவைச் சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். நம் திருமலை நாயக்கர் மகாலில் தூண்களின் பளபளப்பைப் பார்த்தவர்களுக்கு இது புரியும், அந்த வேலையின் தம்பிதான் இது. தரையில் இத்தாலிப் பளிங்கு, ஜப்பான் ஓடு, பெல்ஜியம் கண்ணாடி என்று வெளிநாட்டுச் சாமான் நிறைய உண்டு. ஆனால் எனக்குப் பிடித்தது ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, வண்ணம் கலந்த சிமென்டை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊற வைத்து எடுப்பார்கள். சூளையே கிடையாது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே கல்லில் வந்து உட்கார்ந்துவிடும். மிதிக்க மிதிக்க மெருகு கூடும்.

தண்ணீருக்கு வருவோம். நான்கு பக்கக் கூரையும் வளவை நோக்கித்தான் சரியும். மழை பெய்தால் முழுக் கூரையின் தண்ணீரும் முற்றத்தில் இறங்கும். மூலைகளில் அண்டாக்களை வைத்துப் பிடித்துக்கொள்வார்கள். மிச்சம் மடை வழியாக வெளியேறி, தெரு வாய்க்காலில் சேர்ந்து, ஊருணிக்குப் போகும். வறண்ட பூமி அது, ஆறு கிடையாது. வீடு, தெரு, ஊருணி மூன்றையும் ஒரே திட்டமாக யோசித்திருக்கிறார்கள். 2003-ல் தமிழ்நாடு அரசு மழைநீர்ச் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நாமெல்லாம் அவசர அவசரமாகக் குழி தோண்டிக் குழாய் பதித்தோம். அவர்கள் யாரும் சொல்லாமலே செய்த வேலை அது.

பணம் எங்கிருந்து வந்தது?

இப்போது என் முதல் கேள்வி. மழை சரியாகப் பெய்யாத ஒரு வறண்ட சீமையில் இவ்வளவு தேக்குக்கும் பளிங்குக்கும் பணம் எப்படி வந்தது?

பதில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்தில் இருக்கிறது. 1852-ல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தார்கள். 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் நல்ல விலை. காடாகக் கிடந்த கழிமுகத்தைத் திருத்தி வயலாக்க விவசாயிக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்கார வங்கிகள் சம்சாரிக்குக் கடன் கொடுக்கத் தயாராக இல்லை. அந்த இடத்தில் நகரத்தார் போய் உட்கார்ந்தார்கள். ஏஜென்டு மூன்று வருஷத் தவணையில் போவார், கணக்கு முடித்துத் திரும்புவார், அடுத்தவர் போவார். குடும்பம் ஊரிலேயே இருக்கும். லாபம் வீடாக மாறும். இரங்கூனில் அவர்கள் கூடிப் பேசி மாதா மாதம் 'நடப்பு வட்டி' நிர்ணயம் செய்தார்கள். நம் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதம் அறிவிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி பிறந்ததே 1935-ல்தான்! பேரேடு, ஐந்தொகை எல்லாம் தமிழ் எண்ணில் சுத்தமாக எழுதினார்கள். நான் கல்லூரியில் இரட்டைப் பதிவு முறை படித்தபோது அது இத்தாலியிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு மணி நேர பஸ் தூரத்தில் அதே வேலையைச் செய்தவர்களைப் பற்றிப் பாடப் புத்தகத்தில் ஒரு வரி இல்லை.

1937 பிப்ரவரி 10-ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கி தொடங்கியபோது ஒரே நாளில் மூன்று கிளைகள் திறந்தன: காரைக்குடி, சென்னை, இரங்கூன். அந்த மூன்று ஊர்ப் பெயரே முழுக் கதையையும் சொல்லிவிடும். நம் மதுரையில் கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் பாங்க் ஆஃப் மதுராவைத் தொடங்கினார். 2001-ல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்தது. இங்கே பலர் அந்தப் பழைய பாஸ்புக்கை இன்னும் பீரோவில் வைத்திருப்பீர்கள்.

கணக்கு எங்கே திரும்பியது? 1930-ல். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. கடன் வாங்கிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. அடமானம் வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930-ல் நகரத்தார் கையில் இருந்தது நூற்றுக்கு 6 பங்கு நிலம். 1937-ல் அது நூற்றுக்கு 25. கேட்கும்போது பெரிய சொத்து மாதிரி இருக்கும். வங்கியில் இருந்தவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்வான். கொடுத்த பணம் திரும்பாமல் வயலாக உறைந்துபோய்விட்டது. வாராக்கடன் என்று இன்று சொல்கிறோமே, அதுதான். பர்மா விவசாயிக்கோ தன் நிலம் போய்விட்டது என்ற கோபம். அந்தக் கோபத்திலும் நியாயம் உண்டு, இந்தத் தேக்குத் தூண்களைப் பார்த்து மகிழும்போது அதையும் மறக்கக் கூடாது. 1937-ல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1942 மார்ச்சில் ஜப்பான் படை இரங்கூனைப் பிடித்தது. பல்லாயிரம் இந்தியர்கள் மலையும் காடும் கடந்து நடந்தே வந்தார்கள். 1948-ல் சுதந்திர பர்மா நிலத்தை நாட்டுடைமையாக்கச் சட்டம் கொண்டுவந்தது. வரவுப் பக்கம் அதோடு மூடியது. செலவுப் பக்கம் மட்டும் செட்டிநாட்டில் தெருத் தெருவாக நின்றுகொண்டிருந்தது.

வளவும் நம் அடுக்ககமும்

இனி என் இரண்டாவது கேள்வி. இவ்வளவு பெரிய வீட்டைப் பராமரித்தது யார்?

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். செட்டிநாட்டு வீடு கூட்டுக் குடும்பத்து வீடு என்று பொதுவாகச் சொல்வோம். ஆனால் எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்ட வீடு அல்ல அது. மகனுக்குக் கல்யாணம் ஆனதும் வளவை ஒட்டி அவனுக்கு ஓர் அறை கொடுப்பார்கள். கொஞ்ச காலம் கழித்து 'வேறு வைப்பார்கள்'. அதாவது தனி அடுப்பு, தனிச் சாமான், தனிச் செலவு. அப்பச்சி வருஷத்துக்கு இவ்வளவு என்று பணம் ஒதுக்கிக் கொடுப்பார், அதற்குள் அந்தத் தம்பதி குடித்தனம் நடத்த வேண்டும். ஒரே வாசல், ஒரே வளவு, ஒரே கிணறு. ஆனால் பூட்டும் சாவியும் தனி, கணக்கு தனி.

இது உங்களுக்கு எதையாவது ஞாபகப்படுத்துகிறதா? ஒரே கேட், ஒரே படிக்கட்டு, ஒரே தண்ணீர்த் தொட்டி, தனித்தனிக் கதவு. நம் அடுக்ககம்தான்! அடுக்குமாடி என்பது பம்பாயிலிருந்து வந்த பழக்கம் என்று நினைக்கிறோம். அதன் பாட்டன் காரைக்குடியில் படுத்துக் கிடக்கிறான், நாம் அவனை நிமிர்த்தி வைத்திருக்கிறோம். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர்களிடம் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. கல்யாணமான ஒரு தம்பதி ஒரு 'புள்ளி'. கோயில் செலவுக்குப் புள்ளிக்கு இவ்வளவு என்று வரி. பணக்காரப் புள்ளி, ஏழைப் புள்ளி என்ற பேதம் இல்லாமல் எல்லோரும் கணக்கில் வருவார்கள். அந்தப் புள்ளி வரி இன்றும் உண்டு. அதனால்தான் பாருங்கள், இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி என்று அவர்களுடைய ஒன்பது நகரக் கோயில்களும் இன்றும் பளிச்சென்று நிற்கின்றன. அதே தெருவில் வீடு இடிந்து கிடக்கும், கோயிலில் கும்பாபிஷேகம் நடக்கும். ஆட்கள் ஒருவர்தான். கோயிலுக்குப் புள்ளிக் கணக்கும் அதைப் பார்க்கக் காரியக்காரரும் இருக்கிறார்கள். வளவுக்கு அப்பச்சி இருந்தவரை அப்பச்சி பார்த்தார். அவருக்குப் பிறகு யார் என்று எழுதி வைக்கவில்லை.

ஓடு நகர்ந்த கதை

ஓட்டு வீடு ஒரே நாளில் விழாது. பூனை ஓடும், குரங்கு தாவும், நாலு ஓடு நகரும். ஐப்பசி மழையில் அந்த இடத்தில் தண்ணீர் இறங்கும். தேக்குச் சட்டம் சில வருஷம் தாங்கும். பிறகு சட்டத்தின் நுனி, சுவரில் உட்காரும் இடத்தில், ஊறி இற்றுப்போகும். சட்டம் இறங்கினால் அதன் மேலுள்ள ஓடு மொத்தமும் இறங்கும். கூரை திறந்தால் சுண்ணாம்புச் சுவரின் உச்சியில் தண்ணீர் நேராக இறங்கும், விரிசலில் ஆலமரமும் அரசமரமும் வேர் விடும். முதல் வருஷம் ஓடு மாற்றும் ஆளுக்கு இரண்டு நாள் கூலி கொடுத்திருந்தால் முடிந்திருக்கும். பதினைந்து வருஷம் கழித்து லட்சக்கணக்கில் கொடுத்தாலும் முடியாது.

அந்த இரண்டு நாள் கூலியை யார் கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. கட்டியவருக்கு மூன்று பிள்ளைகள் என்று வையுங்கள். பேரன்கள் 9. கொள்ளுப் பேரன்கள் 27. 1989-ல் நம் மாநிலம் பெண் பிள்ளைகளுக்கும் பூர்விகச் சொத்தில் சம பங்கு என்று சட்டம் திருத்தியது. நியாயமான திருத்தம், அதற்கு முன்பே வந்திருக்க வேண்டியது. ஆனால் கையெழுத்துகளின் எண்ணிக்கை இன்னும் கூடும். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் அமெரிக்காவில். என் அறை ஒழுகவில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும் என்பார் ஒருவர். நான் வருஷத்துக்கு ஒரு நாள்தான் வருகிறேன் என்பார் இன்னொருவர். வித்துவிடலாம் என்பார் மூன்றாமவர். விற்கவும் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

கிளையில் வேலை பார்த்தபோது ஒருவர் வீட்டுப் பத்திரத்தோடு கடன் கேட்டு வந்தார். கூரையைச் செப்பனிட வேண்டும், ஆனி ஆடிக்குள் முடித்தால் இந்த மழையைத் தாண்டிவிடும் என்றார். வீட்டின் மதிப்பு அவர் கேட்ட தொகையைப் போல் பல மடங்கு இருக்கும். ஆனால் பிரிபடாத சொத்து. எல்லாப் பங்குதாரரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அடமானம் செல்லும். அவர் ஒரு வருஷம் அலைந்து பெரும்பாலான கையெழுத்துகளை வாங்கிவிட்டார். இரண்டு பேர் கடைசிவரை போடவில்லை. அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஒருவருக்குப் பழைய மனஸ்தாபம், இன்னொருவருக்குப் பதில் எழுத நேரமில்லை. எனக்கு மாற்றல் வந்து நான் மதுரைக்கு வந்துவிட்டேன். சில வருஷம் கழித்து அந்தத் தெரு வழியாகப் போனபோது முகப்பு மட்டும் நின்றது, பின்னால் வானம் தெரிந்தது.

அப்படிப்பட்ட வீடுகளின் தூண்கள் எங்கே போகின்றன? காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. தூண், நிலைக் கதவு, ஜன்னல், எனாமல் பாத்திரம் என்று எல்லாம் விலைக்குக் கிடைக்கும். கடற்கரை ரிசார்ட்டிலும் பெரிய ஓட்டலிலும் தேக்குத் தூணைப் பார்த்தால், அது ஏதோ ஒரு வளவின் கூரையைத் தாங்கிய தூணாக இருக்கலாம்.

ஒரு மண் வீடு நிற்கிறது

இதற்கு நேர் எதிரான ஒரு கதை. ஸ்காட்லாந்தில் அலோவே என்ற சிற்றூர். வில்லியம் பர்ன்ஸ் என்ற ஏழை விவசாயி 1757-ல் தன் கையாலேயே ஒரு வீடு கட்டினார். களிமண் சுவர், மேலே வைக்கோல் கூரை. ஒரே கூரைக்குக் கீழே ஒரு பக்கம் குடும்பம், இன்னொரு பக்கம் மாட்டுத் தொழுவமும் களஞ்சியமும். நம் ஊர்ச் சம்சாரி வீடு மாதிரியே. 1759 ஜனவரி 25 அன்று அந்த வீட்டில் ஒரு குழந்தை பிறந்தது. சில நாளிலேயே புயல்காற்றில் சுவரின் ஒரு பகுதி சரிந்து, தாயும் பிள்ளையும் பக்கத்து வீட்டில் தங்க வேண்டியதாயிற்று. அவ்வளவு சாதாரண வீடு. அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஸ்காட்லாந்தின் பெருங்கவி ராபர்ட் பர்ன்ஸ்.

அந்த வீடு 1781-ல் ஏர் நகரத்துச் செருப்புத் தைப்பவர் சங்கத்துக்கு விற்கப்பட்டது. பிறகு சாராயக் கடையாகக்கூட இருந்தது. 1881-ல் ஓர் அறக்கட்டளை வாங்கியது. இன்று ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. மழையும் பனியும் ஓயாத நாட்டில், மண் சுவரும் வைக்கோல் கூரையும் 260 வருஷத்துக்கு மேல் நிற்கின்றன. பர்மாத் தேக்கும் கருங்கல்லும் நம் ஊரில் 80 வருஷத்தில் விழுகின்றன. கவிஞர் பிறந்த வீடு என்பதால் மரியாதை கூடுதல், அது சரி. ஆனால் மரியாதை கூரை வேயாது. வருஷா வருஷம் கூரைக்குப் பணம் எடுத்து வைக்க ஒரு பொறுப்பாளர் இருந்ததால்தான் அது நிற்கிறது.

நம் பக்கத்திலும் நல்ல உதாரணங்கள் உண்டு. சில குடும்பங்கள் பங்காளிகள் கூடி ஒரு பொது நிதி வைத்து, வட்டியில் வருஷா வருஷம் வெள்ளையடித்து ஓடு மாற்றுகின்றன. கல்யாணம், சாந்திக் கல்யாணம் எல்லாம் அந்த வளவில்தான். கானாடுகாத்தான், கோத்தமங்கலம், கடியாபட்டி போன்ற ஊர்களில் சில வீடுகள் தங்கும் விடுதிகளாகி, தம் செலவைத் தாமே சம்பாதிக்கின்றன. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் 1996-ல் திறந்த தட்சிணசித்ராவில், இடிக்கப்பட இருந்த பழைய வீடுகளை வாங்கிப் பிரித்து, சட்டம் சட்டமாகக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் அங்கே உண்டு. 2014-ல் செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. பட்டியலில் சேர்ந்தது பெருமை. ஆனால் ஓடு மாற்ற அந்தப் பட்டியல் ஆள் அனுப்பாது.

நம் வளவுக்கு வருவோம்

நம் கட்டடத்தில் 48 வீடுகள். வயது 19 ஆகிறது. நம் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள், 'பிரிபடாத பாகம்' என்று ஒரு வரி இருக்கும். மனையில் நமக்கு உள்ள பங்கு அது. அந்த வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கடன் கேட்டு வந்த அந்த மனிதரின் பத்திரம்தான் ஞாபகம் வரும். அவருடையதும் பிரிபடாத சொத்து, நம்முடையதும் பிரிபடாத சொத்து.

ஒரு விஷயத்தில் நம் நிலைமை நல்லது. அவர்களுக்கு இல்லாத சங்கம் நமக்கு இருக்கிறது. 1994-லும் பிறகு 2022-லும் அடுக்குமாடி உரிமைச் சட்டம் வந்திருக்கிறது. கூடிப் பேசவும் தீர்மானம் போடவும் பணம் வசூலிக்கவும் வழி இருக்கிறது. இன்னொரு விஷயத்தில் நம் நிலைமை மோசம். ஓட்டு வீடு ஒழுகினால் உடனே தெரியும், அண்டாவை வைக்கலாம். கான்கிரீட் ஒழுகுவது வெளியே தெரிய வருஷங்கள் ஆகும். மொட்டை மாடியின் தட்டோட்டு இடுக்கில் இறங்கும் தண்ணீர் உள்ளே கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடித்தால் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பால்கனி அடியில் காரை பெயர்ந்து விழுவதைப் பார்க்கும்போது, உள்ளே நோய் முற்றி வெகு காலம் ஆகியிருக்கும்.

மொட்டை மாடி மேல்தளத்துக்காரர் பிரச்சினை என்று தரைத்தளத்தில் சிலர் சொல்வது என் காதிலும் விழுகிறது. தரைத்தளத் தொட்டியைக் கழுவுவது எங்கள் பிரச்சினையா என்று மேல்தளத்திலும் சொல்கிறார்கள். என் அறை ஒழுகவில்லை என்று சொன்ன பங்காளியின் குரலும் இதுதான். வளவின் ஒரு மூலையில் சட்டம் இறங்கினால் நாலு மூலையும் இறங்கும். 48 வீட்டைத் தாங்குவது ஒரே தூண் வரிசை.

அடுத்த பொதுக்குழுவில் சேமநிதி பற்றிய தீர்மானம் வருகிறது. மாதாந்திரப் பராமரிப்புத் தொகை என்பது வாட்ச்மேன், லிப்ட், மோட்டார், கரண்ட் பில் இவற்றுக்கே சரியாகப் போய்விடுகிறது. அது நடப்புச் செலவு. சேமநிதி வேறு, அது தேய்மானத்துக்கு எடுத்து வைக்கும் பணம். பி.காம். முதல் வருஷத்திலேயே சொல்லிக்கொடுப்பார்கள்: தேய்மானத்துக்கு ஒதுக்காமல் காட்டும் லாபம் லாபமே அல்ல. வீட்டுக்கு மாதம் 300 ரூபாய் என்று வையுங்கள். 48 வீட்டுக்கு மாதம் 14,400. வருஷத்துக்கு 1,72,800. ஐந்து வருஷத்தில் வட்டி சேர்க்காமலே 8,64,000. அவசரம் என்று வரும்போது ஆளுக்கு இருபதாயிரம் கொடு என்று கதவைத் தட்டி, நாலு பேர் கொடுக்காமல், வேலை பாதியில் நிற்கும் நிலைமை வராது. நிதியைத் தனிக் கணக்கில் போட வேண்டும், இரண்டு கையெழுத்து இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறை தணிக்கை வேண்டும், வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்ட வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களிடம் இதை வாங்கக் கூடாது, உரிமையாளர் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருக்கும் உரிமையாளர்களின் சம்மதத்தை இப்போதே எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். கணக்கு எழுதும் வேலைக்கு ஆள் தேவைப்பட்டால், பேரேட்டைப் பார்த்துப் பழகியவன் ஒருவன் இரண்டாவது மாடியில் சும்மாதான் இருக்கிறேன்.

கானாடுகாத்தானுக்கு ஒரு நாள் வேன் ஏற்பாடு செய்யலாம் என்று இளைஞர்கள் சிலர் கேட்டிருக்கிறார்கள். தை மாதத்தில் போகலாம், வெயில் குறைவு. நன்றாக நிற்கும் வீடு ஒன்றையும் விழுந்த வீடு ஒன்றையும் பார்த்துவிட்டு வருவோம். ஆனால் பொதுக்குழு அதற்கு முன்பே வந்துவிடும், எல்லோரும் தவறாமல் வந்து கையைத் தூக்கவோ தூக்காமல் இருக்கவோ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.